ஓட்டுநர் பக்கக் கண்ணாடி

கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி உட்காருங்கள் சார், இதன் முனை குத்தும். கிரீஸ் வேறு இருக்கிறது, நீங்கள் வெள்ளை வேட்டி கட்டியிருக்கிறீர்கள். மேலே பலகையில் வைக்கச் சொன்னார் கண்டக்டர். நான்தான் வேண்டாம் என்றேன். பிரேக் போட்டால் யார் தலையிலாவது விழும். மடியிலேயே இருக்கட்டும். மதுரையிலிருந்து கோவில்பட்டி என்ன பெரிய தூரம், மடி தாங்கும்.

நீங்கள் சாத்தூரா? சரி, நேரம் இருக்கிறது.

இது என்ன என்றுதானே பார்க்கிறீர்கள். காரில் பட்டனை அழுத்தினால் கதவுக் கண்ணாடி ஏறும், இறங்கும் அல்லவா? அதை ஏற்றி இறக்குவது இதுதான். ரெகுலேட்டர் என்று பெயர். கதவுக்குள்ளே இருக்கும், வெளியே தெரியாது. இந்தத் தகட்டைப் பிடித்துக்கொண்டுதான் கண்ணாடி ஓடும். இந்தக் கம்பி வடம் அதை இழுக்கும். இதோ, இந்த இடத்தில் பாருங்கள், வடம் நார் நாராகப் பிரிந்து அறுந்திருக்கிறது. இந்தப் பிளாஸ்டிக் சக்கரம் இரண்டாகப் பிளந்திருக்கிறது. நன்றாகப் பாருங்கள் சார். இது நேற்று உடைந்ததா? யாராவது வேண்டுமென்று உடைத்ததா? இல்லை அல்லவா. பிளவுக்குள்ளேயே அழுக்கு ஏறியிருக்கிறது. பழைய உடைசல். பார்த்தவுடனே தெரிகிறது அல்லவா?

தெரிகிறது என்று சொல்லிவிட்டீர்கள். நன்றி.

என் தொழிலே இதுதான். கோவில்பட்டி பைபாஸில் கண்ணாடிக் குருசாமி என்று கேட்டால் வழி காட்டுவார்கள். முன் கண்ணாடி, பின் கண்ணாடி எல்லாம் மாற்றுவேன், ஆனால் அதிகம் வருவது கதவுக் கண்ணாடிதான். ஏறினால் இறங்காது, இறங்கினால் ஏறாது, பாதியில் சாய்ந்து நிற்கும். இருபத்தெட்டு வருஷமாகிறது. எனக்கு ஐம்பத்தாறு நடக்கிறது, பாதி ஆயுளைக் கதவுகளுக்குள் கையை விட்டே கழித்திருக்கிறேன். முழங்கையில் இந்தக் கோடுகளெல்லாம் தகடு கிழித்தவை.

ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். வேலை முடிந்து வண்டியைக் கொடுக்கும் முன்னால் மூன்று தடவை ஏற்றி இறக்கிப் பார்ப்பேன். முதல் தடவை எல்லாமே ஒழுங்காகத்தான் இறங்கும். குறை இருந்தால் மூன்றாவது தடவைதான் காட்டிக்கொடுக்கும். வந்தவர் அவசரமாகச் சாவிக்குக் கை நீட்டுவார். இன்னும் ஒரு தடவை பாக்கி இருக்கிறது என்று சொல்லிக் கொடுக்க மாட்டேன். சிரிப்பார்கள். சிரிக்கட்டும். என் கையை விட்டுப் போன வண்டி அதே குறையோடு திரும்பி வந்ததில்லை.

என் சொந்த வண்டிதான் அப்படி இல்லை. பதினாலு வருஷத்துச் சின்ன கார். போன சித்திரையில் ஓட்டுநர் பக்கக் கதவில் இந்த ரெகுலேட்டர் போய்விட்டது. கண்ணாடி தொப்பென்று கதவுக்குள் விழுந்தது. கையால் தூக்கி நிறுத்தி, அடியில் ஒரு கட்டையைச் செருகி, உள்பலகையை மாட்டி மூடிவிட்டேன். அவசரத்துக்கு நாங்கள் அப்படிச் செய்வதுண்டு. மழை உள்ளே வராது, யாரும் கையை விட முடியாது. ஆனால் கண்ணாடி இறங்காது. கட்டை இருக்கிறவரை இறங்கவே இறங்காது. அப்போது வீட்டில் கல்யாண வேலை. அது முடியட்டும், இது முடியட்டும் என்று தள்ளிப்போனது. பக்கத்துப் பட்டறை அய்யலுசாமி கேலி செய்வான். "ஊருக்கெல்லாம் காத்து வாங்கிக் கொடுக்கிற, நீ மட்டும் டப்பாக்குள்ள வேகுற" என்பான். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், அன்றைக்கு அந்தக் கண்ணாடி இறங்கவில்லை என்பது உண்மை. நான் வேண்டுமென்று இறக்காமல் இருக்கவில்லை. அது ஒன்று மட்டும் உங்கள் மனதில் இருக்கட்டும்.

எனக்கு ஒரே பெண் சார். செண்பகவல்லி. எங்கள் ஊர் அம்மன் பெயர்தான். வல்லி என்று கூப்பிடுவோம். பி.காம். படித்தவள். வைகாசியில் கல்யாணம் செய்து கொடுத்தேன். மாப்பிள்ளைக்கு ராஜபாளையம், நூல் மில்லில் சூப்பர்வைசர், சங்கரவேல் என்று பெயர். மெதுவாகப் பேசுகிற ஆள். நான் பேசும்போது இடையில் வெட்டவே மாட்டார். அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அது பிடித்துப்போனதுதான் தப்போ என்று இப்போது யோசிக்கிறேன்.

ஆடிக்குப் பெண்ணை அழைத்து வந்தோம். ஆடி முழுக்க எங்கள் வீட்டில் இருப்பாள், ஆவணி பிறந்ததும் கொண்டுபோய் விட வேண்டும். அதுதானே வழக்கம். வந்து இரண்டு வாரம் நன்றாகத்தான் இருந்தாள். பதினெட்டாம் பெருக்கு அன்றைக்குச் சித்திரான்னம் கிளறும்போது அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். உலகம்மாள், என் வீட்டுக்காரி, அடுப்பை அணைத்துவிட்டு நேரே என்னிடம் வந்தாள். மாப்பிள்ளை வேலைக்குப் போகும்போது வீட்டை வெளியே பூட்டிவிட்டுப் போகிறாராம். பெண் உள்ளே. சாயங்காலம் வந்துதான் திறப்பாராம். இரவு ஷிப்ட் என்றால் மறுநாள் காலையில்தானாம். இனி அங்கே போக மாட்டேன் என்கிறாள் என்றாள்.

நான் கோபப்படவில்லை சார். எதையும் இரண்டு பக்கமும் கேட்கிறவன் நான். மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். அவர் பதறவே இல்லை. "எங்க தெருவுல ரெண்டு வீட்டுல திருட்டுப் போயிருச்சு மாமா, வல்லி மதியம் அசந்து தூங்கிருவா, அதான்" என்றார். எனக்கு நியாயமாகத்தான் பட்டது. ஒரு பொருள் கெட்டுவிட்டால் எது கெட்டிருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும், அதை மட்டும் மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் பிடுங்கிப் போடுகிறவன் நல்ல தொழிலாளி இல்லை. நான் யோசித்தேன். இங்கே இல்லாதது என்ன? ஒரு சாவி. கதவிலேயே பதித்த பூட்டு, உள்ளேயிருந்தும் சாவி போட்டுத் திறக்கலாம். வல்லி கையில் ஒரு சாவி இருந்துவிட்டால் அவர் பூட்டினால் என்ன, பூட்டாவிட்டால் என்ன?

அதை அவளிடம் சொன்னேன். சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சரி என்று எடுத்துக்கொண்டேன்.

ஆடி முடியப் போகிறது என்றால் தெருவில் கேட்கத் தொடங்கிவிடுவார்கள் சார், பெண் எப்போது கிளம்புகிறாள் என்று. சும்மா ஒரு விசாரிப்புத்தான். என் தம்பி மகளுக்கு வேறு அப்போது வரன் பேசிக்கொண்டிருந்தோம். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பேச்சுக்குச் சொன்னேன்.

ஆவணி முதல் புதன்கிழமை கிளம்பினோம். அதே காரில்தான். நான் ஓட்டினேன், உலகம்மாள் எனக்குப் பக்கத்தில், வல்லி பின்னால். வழியெல்லாம் பேசாமல் வந்தாள். மாப்பிள்ளை லீவு போட்டுவிட்டு வாசலிலேயே நின்றார். காபி கொடுத்தார். சாவி விஷயத்தை நான் எடுத்த உடனே, ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லாமல் உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். "நீங்களே போய் ஒண்ணு போட்டுட்டு வந்துருங்க மாமா, அப்பத்தான் உங்களுக்கும் நிம்மதி" என்றார். கடைத்தெருவுக்கு நடந்தே போனேன். சாவி வெட்டுகிறவர் பத்து நிமிடத்தில் வெட்டிக் கொடுத்துவிட்டார். நல்ல வெட்டு, பிசிறு இல்லை. திரும்பி வந்து எல்லார் முன்னாலும் வல்லி கையில் வைத்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது சார். இவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டதே என்று.

அந்தச் சாவியைப் பூட்டில் போட்டுப் பார்த்தேனா என்றால், இல்லை.

மூன்று தடவை ஏற்றி இறக்கிப் பார்க்கிறவன் நான். ஒரு தடவை கூடப் போட்டுப் பார்க்கவில்லை. ஏன் என்று எத்தனையோ தடவை கேட்டுக்கொண்டுவிட்டேன். மாப்பிள்ளை முன்னால் அவர் வீட்டுப் பூட்டைச் சோதித்துப் பார்ப்பது மரியாதை இல்லை என்று நினைத்திருப்பேன். நினைத்தேனா, இல்லை இப்போது அப்படிச் சொல்லிக்கொள்கிறேனா, அதுவும் தெரியவில்லை.

விடைபெற்றுக்கொண்டு காரில் ஏறினோம். இன்ஜினைப் போட்டாயிற்று. குறுகலான தெரு, பின்னாலேயே எடுத்துத் திருப்ப வேண்டும். திருப்பி நிமிர்த்தும்போது வல்லி வீட்டுக்குள்ளிருந்து ஓடி வந்தாள். செருப்பில்லாமல் ஓடி வந்தாள். நேரே என் கதவுப் பக்கம் வந்து நின்றாள். ஒரு கையைக் கண்ணாடியில் பதித்தாள். இன்னொரு கையில் அந்தச் சாவியைத் தூக்கிக் காட்டினாள். வாய் அசைகிறது. அப்பா என்பது மட்டும் தெரிகிறது, மற்றது எனக்குப் புரியவில்லை. இன்ஜின் சத்தம், குளிராத பழைய ஏசியின் சத்தம். கண்ணாடியோ இறங்காது. உங்களுக்குத்தான் தெரியுமே, கட்டை.

கதவைத் திறக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். எல்லோரும் கேட்பார்கள் என்றுதான் நானே முந்திச் சொல்லிவிடுகிறேன். பின்னால் ஒரு பால் வேன் வந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். என் வண்டி தெருவை அடைத்துக்கொண்டு நிற்கிறது. போதாததற்கு அந்தப் பக்கம் சுவர் ஓரம், கதவை முழுதாகத் திறக்க இடமில்லை. அவள் நிற்க இடம் இருந்தது. அது வேறு. நிற்பதற்கு எவ்வளவு இடம் வேண்டும்.

நான் தலையை ஆட்டினேன். சாவி பத்திரமாக இருக்கிறது என்று காட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். சிரித்தேன். கை அசைத்தேன். வண்டியை எடுத்தேன். உலகம்மாள் சொன்னாள், "நிறுத்துங்க, அவ என்னமோ சொல்லுதா." நான் சொன்னேன், "சாவி இருக்குன்னு சொல்லுதா." உலகம்மாள் அதை நம்பிவிட்டாள் சார். என் மேல் இன்றைக்கு வரைக்கும் அவளுக்கு இருக்கிற கோபம் அதுதான். நான் வண்டியை எடுத்தது கூட இல்லை. தான் என்னை நம்பியது.

சங்கரன்கோவில் தாண்டும் வரைக்கும் கண்ணாடியில் அந்தக் கைத்தடம் தெரிந்துகொண்டே வந்தது. ஐந்து விரலும். வெயில் அந்தப் பக்கம் இருந்ததால்.

பிறகு என்ன. ஞாயிற்றுக்கிழமை தோறும் பதினோரு மணிக்கு மாப்பிள்ளைக்குப் போன் செய்வேன். வல்லியின் போன் தண்ணீரில் விழுந்து ரிப்பேருக்குப் போயிருப்பதாகச் சொன்னார். "நல்லா இருக்கா மாமா, குளிச்சிட்டு இருக்கா" என்பார். ஐந்து ஞாயிறு குளித்துக்கொண்டிருந்தாள். இரண்டு ஞாயிறு தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்று உலகம்மாள் நச்சரித்தாள். நான்தான் தடுத்தேன். முன் கண்ணாடி ஒட்டினால் ஒரு நாள் முழுக்க வண்டியை அசைக்கக் கூடாது, பசை இறுக வேண்டும். அசைத்தால் அப்புறம் எப்போதும் ஒழுகும். அதையே அவளுக்குச் சொன்னேன். இப்போதுதான் போய் ஒட்டியிருக்கிறாள், நாம் போய் அசைக்க வேண்டாம் என்று. நன்றாகச் சொன்னதாகக் கூட அப்போது நினைத்தேன்.

ஐம்பத்தொரு நாள். எண்ணியது நான் இல்லை, உலகம்மாள். ஐம்பத்தொன்றாம் நாள் மாப்பிள்ளையின் அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறாள், மருமகளோடு கோயிலுக்குப் போக வேண்டும் என்றிருக்கிறாள். அதனால் கதவு திறந்திருக்கிறது. கோயில் வாசலில் மாமியார்க்காரி செருப்பு விடப் போன நேரத்தில் வல்லி நடந்து போய் பஸ் ஏறிவிட்டாள். கட்டின புடவையோடு. கோவில்பட்டி பஸ்ஸும் அங்கேதான் நிற்கும் சார். அவள் ஏறியது மதுரை பஸ்ஸில். கூடப் படித்த பெண் ஒருத்தி அங்கே ஜவுளிக்கடையில் வேலை பார்த்தாள். அங்கே போய்ச் சேர்ந்து, அந்தப் பெண்ணின் போனிலிருந்து அம்மாவுக்குப் பேசினாள். அம்மாவுக்குத்தான். ஒரு மணி நேரம் பேசினார்கள். நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். என்னிடம் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

போனை வைத்துவிட்டு உலகம்மாள் என்னிடம் சொன்னாள். "அந்தச் சாவி சேரலையாம். நாம கெளம்பும்போது பூட்டுல போட்டுப் பாத்திருக்கா, சேரல. வேற பூட்டுச் சாவியக் கொடுத்திருக்காரு. அதச் சொல்லத்தான் ஓடி வந்திருக்கா." அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டு உலையில் அரிசி போடப் போய்விட்டாள்.

மறுநாள் பட்டறையில் நான்கு வண்டி நின்றது. எதையும் தொடவில்லை. என் காரின் கதவைப் பிரித்தேன். கட்டையை உருவினேன். இதைக் கழற்றினேன். புது ரெகுலேட்டர், புது மோட்டார், புது ரப்பர். கண்ணாடியையும் மாற்றினேன். கண்ணாடி நல்ல கண்ணாடிதான், கீறல் கூட இல்லை. மாற்ற வேண்டிய அவசியமே கிடையாது. இருந்தாலும் மாற்றினேன். ஏற்றி இறக்கினேன், ஏற்றி இறக்கினேன், எத்தனை தடவை என்று தெரியாது. பேட்டரி சோர்ந்து கண்ணாடி பாதியில் நின்றது. மதியச் சாப்பாட்டைத் தூக்கில் கொண்டு வந்த உலகம்மாள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். "இப்ப இறங்குதாக்கும்" என்றாள். தூக்கை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் அந்தக் காரில் ஏறியதில்லை. நானும் எடுப்பதில்லை, பெட்ரோல் விற்கிற விலைக்குக் கட்டுப்படியாகாது.

ஆனால் பாருங்கள், அங்கேதான் ஒரு முட்டாள்தனம் செய்துவிட்டேன். பழுதை நானே சரி செய்துவிட்டேன். அப்படியே விட்டிருந்தால் வல்லியைக் கூப்பிட்டு, இந்தப் பட்டனை நீயே அழுத்திப் பார் தாயி, இறங்குகிறதா என்று காட்டியிருக்கலாம். இனி எதைக் காட்ட? நல்ல வேளை, இதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தேன்.

ஊரில் எல்லாரிடமும் சொன்னேன். முடி வெட்டுகிற கடையில், டீக்கடையில், கண்ணாடி மாற்ற வந்தவர்களிடம். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். உம்ம மேல தப்பில்ல, மெஷின் கோளாறுக்கு மனுசன் என்ன செய்வான் என்றார்கள். தம்பி கூட அதைத்தான் சொன்னான். தீபாவளிக்குள் முப்பது நாற்பது பேர் சொல்லியிருப்பார்கள். வல்லி ஒருத்தி பாக்கி. அவள்தான் என்னைத் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று பட்டது. அப்பா வேண்டுமென்றே கண்ணாடியை இறக்கவில்லை என்று நினைத்திருப்பாள், அதனால்தான் கோவில்பட்டி பஸ்ஸை விட்டுவிட்டு மதுரைக்குப் போனாள், அதனால்தான் என்னோடு பேசுவதில்லை. உலகம்மாள் மாதத்தில் இரண்டாவது ஞாயிறு பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். என்னைக் கூப்பிட மாட்டாள். போன வாரம் நானே சொன்னேன், இந்தத் தடவை நான் போகிறேன் என்று. அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். சரி, நீங்க வர்றீகன்னு சொல்லி வைக்கிறேன் என்றாள்.

இதை வேட்டித் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு இன்றைக்குக் காலையில் வந்தேன்.

வல்லியும் இப்போது அதே ஜவுளிக்கடையில்தான் வேலை பார்க்கிறாள், மதியம் அரை மணி நேரம்தான் விடுவார்களாம். கடைக்குப் பின்னால் ஒரு சந்து, அதில் இரண்டு பெஞ்சு, பெண்பிள்ளைகள் அங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். வல்லி கடை யூனிபார்ம் சேலையில் வந்தாள், தோளில் பெயர் அட்டை குத்தியிருந்தது. மெலிந்திருந்தாள். "வாங்கப்பா" என்றாள். அவ்வளவு சாதாரணமாக. சாப்டீங்களா என்று கேட்டு எனக்குப் பாதிச் சோற்றைப் பங்கு வைத்தாள். என் மடியிலிருந்த மூட்டையைப் பார்த்து அவள் முகம் கொஞ்சம் மலர்ந்தது. "அம்மா ஏதாச்சும் குடுத்து விட்டாளா?" என்றாள்.

நான் அவிழ்த்தேன். பெஞ்சின் மேல் வைத்தேன். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

உங்களுக்குச் சொன்ன மாதிரியே அவளுக்கும் சொன்னேன். வடத்தைக் காட்டினேன், சக்கரத்தைக் காட்டினேன். சித்திரையிலேயே உடைந்துவிட்டது தாயி, கட்டையை வைத்து நிறுத்தியிருந்தேன், அன்றைக்கு அது இறங்கவில்லை, நான் வேண்டுமென்று செய்யவில்லை என்றேன். சோற்றைப் பிசைந்துகொண்டே முழுக்கக் கேட்டாள். இடையில் வெட்டவில்லை. நான் முடித்த பிறகு, "எனக்குத் தெரியும்ப்பா" என்றாள்.

நம்புகிறாயா என்று கேட்டேன்.

"நம்புறதுக்கு என்னப்பா இருக்கு. அன்னிக்குக் காலையில அதே வண்டியிலதான நானும் வந்தேன். சங்கரன்கோவில் முக்குல வெள்ளரிக்கா வித்தவ வந்து நின்னப்போ, கண்ணாடி இறங்காதுன்னு கதவத் திறந்துதான வாங்குனீங்க. எனக்கு அது இறங்காதுன்னு நல்லாத் தெரியும். நீங்க கதவத் திறப்பீங்கன்னுதான் நின்னேன்."

கோபமாகச் சொல்லவில்லை சார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

வெள்ளரிக்காயை நான் சுத்தமாக மறந்துவிட்டிருந்தேன். அவள் சொன்னதும் ஞாபகம் வந்தது. இரண்டு கூறு வாங்கினேன். மிளகாய்ப்பொடி தூவித் தரச் சொன்னேன். கதவைத் திறந்து, ஒரு காலைத் தரையில் ஊன்றி, நிதானமாகத்தான் வாங்கினேன்.

பின்னால் பால் வேன் ஹாரன் அடித்தானே தாயி என்றேன். "வேன் வந்துச்சாப்பா?" என்று கேட்டாள். வரவில்லை என்று அவள் சொல்லவில்லை. வந்ததா என்று கேட்டாள், தெரிந்துகொள்ள விரும்புகிறவள் கேட்கிற மாதிரி. அந்த ஹாரன் சத்தம் எனக்கு இப்போதும் காதில் கேட்கிறது சார். ஆனால் அந்த வேனின் நிறம் என்ன என்று நீங்கள் கேட்டால் என்னால் சொல்ல முடியாது. யார் ஓட்டினார்கள், திரும்பிப் போகும்போது எந்தப் பக்கம் போனான், எதுவும் தெரியாது. கண்ணாடியில் இருந்த ஐந்து விரலும் தெரிகிறது. வேன் தெரியவில்லை.

அதற்கு மேல் அதைப் பற்றி அவள் பேசவில்லை. சர்க்கரை மாத்திரை ஒழுங்காகப் போடுகிறேனா என்று கேட்டாள். அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு வந்தாள். இதைத் துணியில் திரும்பச் சுற்றி, எங்கே கூர் இருக்கிறதோ அங்கே இரண்டு மடிப்பாக வைத்துக் கட்டிக் கொடுத்தாள். மணி அடித்தது. வெயில் தாழப் போங்கப்பா என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். பிறகு மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து இந்த பஸ்ஸைப் பிடித்தேன். அவ்வளவுதான்.

ஏறின உடனே உங்களிடம் காட்டினேன் பாருங்கள், பழைய உடைசல்தான் என்று நீங்களும் சொன்னீர்கள். அவளுக்கு எல்லாம் தெரியும் என்று தெரிந்த பிறகும் ஏன் காட்டினேன் என்று தெரியவில்லை. பழக்கமாகிவிட்டது போல.

என்ன கேட்டீர்கள்? பஸ் சத்தத்தில் சரியாக விழவில்லை.

வீட்டுக்கு வா என்று கூப்பிட்டேனா என்றா?

இருங்கள் சார். யோசித்துச் சொல்கிறேன். வடத்தைக் காட்டினேன். சக்கரத்தைக் காட்டினேன். கட்டை வைத்ததைச் சொன்னேன். வேனைச் சொன்னேன். மாத்திரை போடுகிறேன் என்று சொன்னேன். முட்டிவலிக்குத் தைலம் தேய்க்கிறாள் என்று சொன்னேன்.

கூப்பிடவில்லை சார்.

நீங்கள் கேட்கிறவரை, கூப்பிடவில்லை என்பதே எனக்குத் தெரியாது. கூப்பிட்டாலும் வந்திருக்க மாட்டாள் என்று சொல்லலாம். அப்படித்தான் சொல்ல வாய் வருகிறது. வந்திருந்தால்? தையில் தம்பி மகளுக்கு நிச்சயதார்த்தம். வருகிறவர்கள் கேட்பார்கள், உங்கள் பெண் ஏன் இங்கே இருக்கிறாள் என்று. அன்றைக்கு அந்தத் தெருவில் கதவைத் திறந்திருந்தால் அவள் ஏறி உட்கார்ந்திருப்பாள். அப்புறம் இறக்கிவிட முடியாது. அது எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்திருக்குமோ? தெரியாமலா வண்டியை எடுத்தேன்? ஐம்பத்தாறு வயதில் ஒருவனுக்குத் தன்னைப் பற்றி இது கூடவா தெரியாது.

சாத்தூர் வரப்போகிறது, கண்டக்டர் கூப்பிடுகிறார். பையை எடுத்துக்கொள்ளுங்கள்.

காலையில் நான் கிளம்பும்போது உலகம்மாள் வல்லியின் அறையைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தாள். பீரோவில் ஒரு தட்டைக் காலி செய்து வைத்திருந்தாள். கட்டிலில் புது விரிப்பு. எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை, என்னோடு பேசுவதே குறைவு. ஆறு மணிக்குப் போய்விடுவேன். தட்டினால் உடனே ஓடி வந்து திறப்பாள். என் முகத்தைப் பார்க்க மாட்டாள் சார். எனக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்றுதான் பார்ப்பாள்.